கறுப்புக்கொடி ஊர்வலத்தில் கை முறிந்த மகன்: அடிபட்டவன்மேலேயே வழக்கு வருமா?

கேள்வி: ஏற்காடு பக்கம் ஒரு மலைக்கிராமம் எங்களுடையது. மலையாளி பழங்குடியினர். காபித் தோட்டத்தில் கூலி வேலை. மகனுக்கு 20 வயது, சேலத்தில் தங்கிப் படிக்கிறான். இரண்டு வாரம் முன்பு, டெல்லிக்கு வந்த ஒரு வெளிநாட்டுத் தலைவரை எதிர்த்துச் சேலத்தில் நடந்த கறுப்புக்கொடி ஊர்வலத்துக்கு நண்பர்களோடு போயிருக்கிறான். யாரோ கல் எறிந்ததில் ஒரு பெண் போலீசுக்கு மண்டை உடைந்தது, பஸ் கண்ணாடியும் போனது. உடனே தடியடி. ஓடிப்போய் ஒரு கடை வாசலில் ஒதுங்கிய இவனை இழுத்துப் போட்டு அடித்ததில் இடது கை முறிந்துவிட்டது. பயத்தில் ஆஸ்பத்திரியில் "படியில் விழுந்தேன்" என்று சொல்லிவிட்டான். எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர் பெயரும் "மற்றும் பலர்" என்றும் இருக்கிறதாம். ராத்திரியில் போலீஸ் வந்து, "பையன் வராவிட்டால் நீ வந்து ஸ்டேஷனில் உட்கார். நாட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கறுப்புக்கொடி காட்டினால் தேசத்துரோகம்" என்கிறார்கள். நாளைக்கு அரசு வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை. என்ன செய்வது ஐயா?

பதில்: அம்மா, முதலில் உங்கள் விஷயம். விசாரணை என்ற பெயரில் ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. உங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 179ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மகனுக்குப் பதில் தாயை உட்கார வைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அடுத்த முறை வந்தால் வாக்குவாதம் வேண்டாம். "எழுத்தில் கொடுங்கள் சார்" என்று மட்டும் சொல்லுங்கள். வந்தவர் பெயர், நேரம், வண்டி எண்ணைக் குறித்து வையுங்கள்.

தேசத்துரோகம் என்றது வெறும் மிரட்டல். தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 152ஆவது பிரிவு இந்தியாவின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் கேடு செய்வதைப் பற்றியது. வேறொரு நாட்டுத் தலைவரை எதிர்த்துக் கொடி பிடிப்பது அதில் வராது. அரசியல் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பேச்சுரிமைக்கு வரம்பு வைக்கும் 19(2)இல் "வெளிநாடுகளுடன் நட்புறவு" ஒரு காரணமாக இருக்கிறது, 1951இல் சேர்த்தது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமைக்கு வரம்பு வைக்கும் 19(3)இல் அந்தச் சொல்லே கிடையாது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு மட்டும்தான். விருந்தாளி மனம் கோணும் என்பதற்காக ஒரு கூட்டம் சட்டவிரோதக் கூட்டமாகிவிடாது.

சேலத்துக்கு இந்தக் கோபம் புதிதில்லை. 2012 செப்டம்பரில் ராஜபக்சே மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சிக்கு வரவிருந்தபோது, இதே ஊரில் ஒரு இளம் ஆட்டோ ஓட்டுநர் தீக்குளித்து உயிரை விட்டார். இன்று நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. பிள்ளைகள் கொடி பிடித்துக் கோஷம் போட்டுவிட்டு வீடு திரும்ப வழி இருக்க வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான்.

ஆனால் அன்று கல் விழுந்திருக்கிறது. அந்தப் பெண் போலீசும் ஒரு வீட்டுப் பிள்ளை. கல் எறிந்தவனுக்காக நான் வாதாட வரவில்லை. உங்கள் மகனைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். அவன் எறிந்திருந்தால் வக்கீலிடம் மட்டும் மறைக்காமல் சொல்லட்டும். எறியவில்லை என்றால், கூட்டத்தில் நின்றான் என்பது மட்டும் குற்றமாகாது. பொது நோக்கத்தில் அவனுக்குப் பங்கு இருந்தது என்று போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் கூடினார்கள் என்றாலும் அமைதியான போராட்டத்தைச் சட்டவிரோதக் கூட்டமாக்கி வழக்குப் போடக்கூடாது என்று ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது.

"மற்றும் பலர்" என்பதுதான் உங்களுக்கு ஆபத்தான வார்த்தை. அதற்குள் யாரை வேண்டுமானாலும் பின்னால் நுழைக்கலாம். காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆரை எடுத்துப் பிரிவுகளைப் பாருங்கள். போலீஸ்காரரைத் தாக்கியதற்கு பி.என்.எஸ். 132, பஸ் கண்ணாடிக்கு 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்து சேதத் தடுப்புச் சட்டம், இவை இரண்டும் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாதவை. இருந்தால், அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் போடுங்கள். ஊரை விட்டு ஓடி ஒளிய வேண்டாம். அதுவே அவனுக்கு எதிராகப் பேசும். இவை ஏழு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை என்பதால், கைதுக்கு அவசியம் இல்லாதபோது பி.என்.எஸ்.எஸ். 35(3)இன்கீழ் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தால் அது நோட்டீசே அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொல்லிவிட்டது. முறையான நோட்டீஸ் வந்தால் வக்கீலோடு பகலில் ஆஜராகட்டும்.

இனி கை. இந்த வழக்கே அந்த எக்ஸ்ரே படத்தில்தான் இருக்கிறது என்பேன். கால் தவறி விழுகிறவன் கையை ஊன்றுவான். பெரும்பாலும் மணிக்கட்டை ஒட்டி, கட்டைவிரல் பக்கத்து எலும்பு உடையும். தலையில் தடி விழாமல் இருக்கக் கையைத் தூக்கி மறைத்தவனுக்கு முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு உடையும். எலும்பு டாக்டருக்கு இது பழகிய முறிவு. உங்கள் மகனுக்கு எங்கே உடைந்திருக்கிறது? படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியில் "படியில் விழுந்ததாகக் கூறுகிறார்" என்று இருக்கும். அதை அழிக்க முடியாது, அழிக்கவும் வேண்டாம். நாளைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், பணியிலிருக்கும் டாக்டரிடம் இன்ன தேதியில், இன்ன இடத்தில், போலீஸ் தடியால் அடித்தது, பயந்துபோய் முதலில் மாற்றிச் சொன்னேன் என்று பதியச் சொல்லட்டும். பத்து மாதம் கழித்துச் சொல்வதற்கும் பதினைந்து நாளில் சொல்வதற்கும் நீதிமன்றத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அதே நாளில் அந்தக் கடைக்குப் போங்கள். கேமரா பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும். இருந்தால் நகல் வாங்குங்கள், சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் 63(4) சான்றிதழோடு. கடைக்காரர் தயங்கினால் வற்புறுத்தாமல், பதிவைப் பாதுகாக்கும்படி கமிஷனருக்குப் பதிவுத் தபால் அனுப்பி ரசீதை வையுங்கள்.

கூட்டத்தைக் கலைக்கப் பலத்தைப் பயன்படுத்த பி.என்.எஸ்.எஸ். 148ஆவது பிரிவு இடம் தருகிறது. கலைந்து ஓடி ஒதுங்கியவனை அடிப்பது கலைப்பதல்ல, தண்டிப்பது. தண்டனை கொடுக்கும் வேலை நீதிமன்றத்துக்கு மட்டும்தான். அனிதா தாக்கூர் வழக்கில், வன்முறையை முதலில் தொடங்கியது கூட்டம் என்று ஏற்றுக்கொண்ட பிறகும், அடங்கியவர்களைத் தொடர்ந்து அடித்தது அத்துமீறல் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். கமிஷனருக்குப் புகார் கொடுங்கள். நகர எல்லைக்குள் நடந்ததால் மாவட்ட எஸ்.பி.க்கு அல்ல. நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அவர் மேலதிகாரியின் அறிக்கையையும் அந்தப் போலீஸ்காரர் தரப்பையும் பார்த்துத்தான் உத்தரவிடுவார், தாமதமாகும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் மனு அனுப்பலாம். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நீங்கள் புகார் கொடுத்ததும் மகன் பெயர் எஃப்.ஐ.ஆரில் ஏறலாம். அதனால்தான் முன்ஜாமீன் முதலில், புகார் அடுத்து.

வேலை பற்றி: வழக்கு வந்தால் விண்ணப்பத்தில் மறைக்கக்கூடாது. வழக்கை விட, மறைத்ததே பலர் வேலையைப் பறித்திருக்கிறது.

வக்கீல் செலவுக்குத் தோட்டத்தில் முன்பணம் வாங்கிவிடாதீர்கள். பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. அதே வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கு போன் செய்தும் கேட்கலாம். சாதிச் சான்று, எக்ஸ்ரே, ஏ.ஆர். காப்பி, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அன்று அவன் போட்டிருந்த சட்டையையும் எடுத்துப் போங்கள். துவைத்திருந்தாலும் பரவாயில்லை, கிழிசலை மட்டும் தைத்துவிடாதீர்கள்.