ரோலர் கேம் போட்ட எஞ்சினில் எண்ட் பிளேயை எப்படிக் கட்டுப்படுத்துவது?

1970களின் ஷெவ்ரோலெட் 350 (கன அங்குல) எஞ்சினில் ரோலர் கேம் (வால்வைத் தள்ளும் லிஃப்டர்களின் அடியில் உருளை வைத்த வகை) போட்டதிலிருந்து இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) ஓரிடத்தில் நிற்கவில்லை என்றும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் முன்பின் அசைவை, அதாவது எண்ட் பிளேயை, எவ்வளவில் நிறுத்த வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எஞ்சின் கட்டும் வேலை செய்கிறேன். 1973இல் கேமரோ இசட் 28-இன் 302 எஞ்சினை வைத்து நூறே நூறு ஃபிரென்ஸா கேன்-ஆம் கார்களைக் கட்டிய நாடு இது என்பதால், ஸ்மால் பிளாக் (ஷெவ்ரோலெட்டின் சிறிய வி8) எஞ்சின்கள் எங்கள் பட்டறைக்கு இன்றும் வருகின்றன.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன்: 5 முதல் 10 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.13 முதல் 0.25 மில்லிமீட்டர். சாதாரண எழுதுதாள் இரண்டை அடுக்கினால் வரும் தடிப்பு ஏறக்குறைய 8 தௌ என்பதால், இது எவ்வளவு சிறிய இடைவெளி என்று புரியும்.

தட்டை அடி லிஃப்டர்களோடு ஓடும் பழைய பிளாட் டேப்பட் கேமில் லோபின் (கேமின் முட்டை வடிவப் புடைப்பின்) முகம் ஓரிரு தௌ சரிவாகக் கிரைண்ட் செய்யப்பட்டிருக்கும். லிஃப்டரைச் சுழல வைக்கும் அந்தச் சரிவே கேமையும் பின்னுக்குத் தள்ளி, டைமிங் கியரின் பின்முகத்தைப் பிளாக்கோடு ஒட்டி நிறுத்துகிறது. ரோலர் கேமின் லோப் முகத்தில் சரிவு கிடையாது. ஆகவே கேமை ஓரிடத்தில் பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் அது முன்னும் பின்னும் நகர்கிறது. தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் கியரின் பற்கள் சாய்வானவை என்பதால் கேம் நகரும்போதெல்லாம் டிஸ்ட்ரிபியூட்டரும் சற்றுத் திரும்புகிறது. நீங்கள் பார்க்கும் டைமிங் ஆட்டம் இதிலிருந்து வரலாம். கம்பெனியிலேயே ரோலர் கேமுக்காக வார்த்த பிளாக்குகள் 1987இல் த்ரஸ்ட் பிளேட்டுடன் (கேமை முன்னே நகரவிடாமல் பிடிக்கும் தகடு) வரத் தொடங்கின. உங்களுடையது அதற்கு முந்தையது என்பதால், கியரின் நடுவில் கேம் பட்டன் ஒன்றைப் பொருத்தி, அது கியரை மூடும் டைமிங் கவரின் உட்புறத்தில் முட்டி நிற்கும்படி செய்ய வேண்டும். (ஃபோர்டு 302 போட்ட கேப்ரி பெரானா கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அந்த பிளாக்கில் த்ரஸ்ட் பிளேட் முதலிலிருந்தே உண்டு.)

பலரும் தவறுவது பட்டனில் அல்ல, கவரில்தான். சில ஆண்டுகளுக்கு முன் நான் கட்டிக் கொடுத்த ஒரு 350 எஞ்சினை, அதன் உரிமையாளரான அண்ணன் திரும்பக் கொண்டு வந்தார். டைமிங் லைட்டில் பார்த்தபோது குறி நான்கு டிகிரி தாவியது. கவரைக் கழற்றினேன், உட்புறத்தில் ஒரு ரேண்ட் நாணயம் அளவுக்குப் பளபளவென்று தேய்ந்த வட்டம், அந்த இடத்தில் தகடு வெளிப்பக்கமாகச் சற்றே புடைத்திருந்தது. கட்டும்போது 7 தௌ என்று நானே அளந்து எழுதி வைத்திருந்தேன். கவரை மறுபடி பூட்டி, டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) அதன் வெளிமுகத்தில் வைத்து, கேமை முன்னுக்கு நெம்பியபோது தகடு 12 தௌ வளைந்தது. நான் கொடுத்ததாக நினைத்தது 7. கேமுக்குக் கிடைத்தது 19.

ஆகவே இப்படி அளந்து பாருங்கள். கேமின் பின் பிளக்கை அடிக்கும் முன், கேஸ்கட்டோடு கவரை முழு இறுக்கத்தில் பூட்டி, டயல் கேஜின் முனையைக் கேமின் பின்முகத்தில் வையுங்கள். லிஃப்டர் பள்ளத்தின் வழியாக லோபின் பக்கவாட்டில் மரக்கட்டையைக் கொடுத்து முன்னும் பின்னும் மெதுவாகத் தள்ளுங்கள். பேரிங்கையோ லோபின் முகத்தையோ ஸ்குரூ டிரைவரால் தொடவே வேண்டாம். பிறகு கேஜைக் கவரின் வெளிமுகத்துக்கு மாற்றி அதே தள்ளலைச் செய்யுங்கள். அங்கே முள் அசைந்தால் அச்சில் அழுத்திச் செய்த தகட்டுக் கவரை விட்டுவிட்டு, வார்ப்பு அலுமினியக் கவரையோ, நடுவில் வலுவூட்டிய கவரையோ வாங்குங்கள். தகடு பற்றவைத்துக் கெட்டிப்படுத்தினால் அது வாட்டர் பம்ப்பில் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி கூடினால் பட்டனுக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வையுங்கள். குறைந்தால் நைலான் பட்டனின் முகத்தை எமரித்தாளில் சமமாகத் தேயுங்கள். தடித்த கேஸ்கட் போட்டுச் சரிக்கட்டுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அடுத்த முறை கவரைத் திறப்பவர் வேறு கேஸ்கட் போடுவார். நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு உருளை பேரிங் வைத்த பட்டனே என் தேர்வு.

அந்த அண்ணனின் எஞ்சினில் வார்ப்புக் கவர் போட்டு 6 தௌவில் நிறுத்தினேன். டைமிங் குறி இப்போது ஆடாமல் நிற்கிறது.