பிளானட் கோஸ்டர்: வரிசையும் கட்டடமும், கேள்வி பதில்

கேளிக்கைப் பூங்காவை நாமே கட்டும் கணினி விளையாட்டான பிளானட் கோஸ்டரில், நிஜப் பூங்கா போலவே ரைடுக்குக் காத்திருக்கும் வரிசைப் பாதையும் கட்டடமும் அமைப்பது பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

பிரவீன்: அண்ணா, கட்டடத்தைக் கட்டிவிட்டு வரிசையை உள்ளே நுழைக்கிறேன். எப்போதும் இடம் பத்துவதில்லை. எதை முதலில் செய்வது?

வரிசைதான் தம்பி. ரோலர் கோஸ்டர் ரயிலில் 24 இருக்கை, நிமிடத்துக்கு ஒரு ரயில் கிளம்புகிறது என்று வையுங்கள். மணிக்கு 1,440 பேர். 20 நிமிடக் காத்திருப்புக்கு 480 பேர் உள்ளே நிற்க இடம் வேண்டும். மீட்டருக்கு இரண்டு பேர் என்றால் 240 மீட்டர் பாதை. அதை 12 மீட்டர் அகலக் கூடத்தில் மடித்தால் 20 மடிப்பு. தடுப்புக் கம்பியையும் சேர்த்து மடிப்புக்கு ஒன்றேகால் மீட்டர் விட்டால், கூடத்தின் நீளம் 25 மீட்டர். சுவர்த் துண்டு 4 மீட்டர் அகலம் என்பதால், மூன்றுக்கு ஏழு கட்டம் போதும். பாதை இதைவிட அகலமாக இருந்தால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குக்கு அப்புறம் சுவரை எழுப்புங்கள். கட்டடத்தின் அளவு தானாகவே நம்பும்படி வந்துவிடும்.

மீனா: என் வரிசை வெறும் கம்பித் தடுப்பாகத்தான் தெரிகிறது. பூச்செடி வைத்தும் உயிர் வரவில்லை.

செடி பிறகு. அந்த இடம் யாருடையது, அங்கே என்ன வேலை நடந்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஃப்ளோரிடாவில் டிஸ்னி அனிமல் கிங்டமில் 2006-ல் திறந்த எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்ற ரோலர் கோஸ்டரின் வரிசையைப் பாருங்கள். பழைய தேயிலைக் கம்பெனி ரயிலில் மலையேறப் போகிறோம் என்பது கதை. அதனால் வரிசை பயண முன்பதிவு அலுவலகத்தில் தொடங்கி, எட்டி (இமயமலைப் பனிமனிதன்) தெய்வத்தின் கோயில், மலையேறுவோர் சாமான் வாங்கும் கடை, எட்டி அருங்காட்சியகம் என்று போய் ரயிலடியில் முடிகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் வெளிச்சம் வேறு, தரை வேறு. எட்டியைப் பற்றிய எச்சரிக்கையும் வரவர வலுக்கிறது.

நீங்களும் நான்கு இடமாகப் பிரியுங்கள். மடிப்புகள் எல்லாவற்றையும் கூரை உள்ள ஒரே கூடத்தில் அடக்கிவிட்டு, மற்ற அறைகளில் பாதையை ஒற்றையாக ஓட விடுங்கள். ஓர் அறையில் நிற்பவருக்கு அடுத்த அறையின் வாசல் மட்டும் தெரியட்டும், உள்ளே இருப்பது தெரியக் கூடாது. விளையாட்டு தரும் வரிசை அலங்கார மதிப்பெண்ணும் கூடவே ஏறும். ஆனால் அதற்காக மட்டும் பொருள்களைக் குவிக்காதீர்கள்.

செந்தில்: எதைக் கட்டினாலும் பெட்டி மாதிரி நிற்கிறது.

ஒரே ஒரு சுவரை எடுத்துக்கொண்டு பழகுங்கள். அடியில் அரை மீட்டர் கல் பீடம், சுவரைவிடக் கொஞ்சம் வெளியே துருத்தியபடி. ஜன்னலை ஒரு சாண் உள்ளே தள்ளி, கீழே ஒரு திண்டு. கூரை விளிம்பில் மழைநீர்க் காடி, அதிலிருந்து தரைவரை இறங்கும் குழாய். குழாய் முடியும் இடத்தில் சுவரோரம் ஈரக்கறை. இவற்றைக் கட்டத்தில் ஒட்டாமல், விரும்பிய இடத்தில் வைக்கக்கூடிய அலங்காரத் துண்டுகளால் செய்யலாம். நிழல் விழ ஆரம்பித்ததும் சுவருக்குத் தடிமன் வந்துவிடும்.

உயரத்துக்கும் ஒரு வழி உண்டு. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டின் கோட்டை 77 அடிதான், சுமார் 23 மீட்டர். மேலே போகப்போகக் கற்களைச் சிறிதாக்கியதால் பெரிதாகத் தெரிகிறது. 2024-ல் வந்த பிளானட் கோஸ்டர் 2-ல் அலங்காரத் துண்டுகளின் அளவை மாற்ற முடியும் என்பதால் இது எளிது. முதல் பாகத்தில் மேல்மாடிக்குச் சின்ன ஜன்னல்களாகத் தேர்ந்தெடுங்கள்.

ஃபாத்திமா: இருட்டு ரைடுக்கான (இருண்ட கட்டடத்துக்குள் காட்சிகளைக் காட்டியபடி ஓடும் ரைடு) பெரிய கொட்டகையை எங்கே மறைப்பது?

பூங்காவுக்கு வெளியே! டிஸ்னிலேண்டில் 1969-ல் திறந்த ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை ரைடில் முன்னால் தெரியும் மாளிகை, மொத்தத்தில் சின்னப் பகுதிதான். நீளும் அறை என்று பெயர் பெற்றது உண்மையில் ஒரு லிஃப்ட். மக்களைக் கீழே இறக்கி, பூங்காவைச் சுற்றி ஓடும் ரயிலின் பாதைக்கு அடியில் செல்லும் நடைபாதை வழியே அப்பால் உள்ள கொட்டகைக்கு அனுப்புகிறது. எனக்கு மிகவும் பிடித்த வரிசை வடிவமைப்பு இதுதான். இடப் பற்றாக்குறைக்கான தீர்வையே காட்சியாக மாற்றிவிட்டார்கள்.

விளையாட்டில் வரிசையைப் படியிறக்கிச் சுரங்கமாக்குங்கள். முன்னால் மாளிகை, நடுவில் மண்மேடும் மரங்களும், பின்னால் வெறும் பெட்டி. பெட்டிக்கு மங்கலான பச்சை அடியுங்கள். டிஸ்னி பூங்காக்களிலும் மறைக்க வேண்டியவற்றுக்கு அதே மாதிரி நிறம்தான்.

கார்த்திக்: துண்டுகள் கூடினால் என் கணினி திணறுகிறது, சார். எதைக் குறைக்கலாம்?

கண்மட்டத்துக்கு மேலே இருப்பதையும் பின்பக்கத்தையும் குறைக்கலாம். வரிசை மெதுவாக நகரும் இடங்களில் மட்டும் கை வைக்காதீர்கள், அங்கேதான் மக்கள் நின்று பார்ப்பார்கள். பின்பக்கச் சுவர் மொட்டையாக இருந்தாலும் ஊழியர் கதவும் அதற்கு மேல் ஒரு விளக்கும் இருக்கட்டும்.

ஜெனிபர்: வெளியேறும் வழி?

நுழைவோரின் பாதையைக் குறுக்கே வெட்டாமல் கடைக்குள் விடுங்கள். கடைக் கதவுக்கு வெளியே கொஞ்சம் திறந்தவெளி வேண்டும். ரைடிலிருந்து இறங்கியவர்கள் கூட வந்தவர்களைத் தேடி அங்கேதான் நிற்பார்கள்.