எம்ஐடி உரிமத்தில் விட்ட நிரலுக்குச் சும்மா பழுது பார்க்க வேண்டுமா?

வணக்கம். ஹட்டனில் இருந்துகொண்டு, தேயிலைக் கொழுந்து நிறுவைக் கணக்குக்காக நீங்கள் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்ட நிரலை ஒரு கம்பனி தன் மென்பொருளில் சேர்த்து விற்கிறது. இப்போது இரண்டு நாளில் பிழையைத் திருத்தித் தரச் சொல்லி மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். இதுதானே பிரச்சினை?

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். விற்பதைத் தடுக்க முடியாது, பங்கு கேட்கவும் முடியாது. உரிமமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் உங்கள் பதிப்புரிமை அறிவிப்பும் உரிம வாசகமும் அவர்கள் தரும் பிரதியில் இருந்தாக வேண்டும். இருக்கிறதா என்று பாருங்கள். திருத்தித் தரும் கடமை உங்களுக்குக் கிடையாது. நிரலை உள்ளது உள்ளபடியே, எந்த உத்தரவாதமும் இன்றித் தருவதாக அந்த உரிமத்திலேயே இருக்கிறது.

2022 ஜனவரியில், லாக்4ஜே என்ற நிரலில் கண்ட பாதுகாப்பு ஓட்டையால் குழப்பம் ஓடிய நேரம், இணையம் வழியாகத் தரவு அனுப்பும் கர்ல் என்ற இலவச நிரலை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க்கிடமும் ஒரு பெரிய கம்பனி அதுபற்றி 24 மணித்தியாலத்தில் பதில் கேட்டது. ஆதரவு ஒப்பந்தம் போட்டால் சொல்கிறேன் என்றார். நீங்களும் கோபப்படாமல், மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று விலை எழுதி அனுப்புங்கள். தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பறிக்கும் கொழுந்துக்கே தனியாகக் கைக்காசு உண்டே!

அப்புறம், உரிமத்தை மாற்றினால் அது புதிய பதிப்புக்குத்தான் செல்லும். பழையது எம்ஐடியாகவே கிடக்கும்.