பிள்ளை சாப்பிடவில்லையா? முதலில் பால் கணக்கைச் சொல்லுங்கள்

குழந்தைகள் உணவு பற்றி இன்று கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வீட்டுச் சமையலுக்குள் அடங்குகிற கேள்விகளுக்குப் பதில் தருகிறேன். எடை இறங்குகிறது, சாப்பிட்டதும் உடம்பில் தடிப்பு வருகிறது என்பதெல்லாம் குழந்தை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டியவை. அவற்றை இங்கே கேட்க வேண்டாம்.

கேள்வி: ஒன்றரை வயது மகள். முதல் பிறந்தநாள் வரை நன்றாகச் சாப்பிட்டாள். இப்போது நாலு வாய்க்கு மேல் வாங்குவதில்லை. பசி எடுக்க டானிக் ஏதாவது உண்டா?

பதில்: டானிக் வேண்டாம். முதல் வருடத்தில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைவிட மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடம் முழுக்க ஏறுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையும். இதை நோய் என்று எண்ணிப் பயப்படுகிறவர்கள் நிறைய.

சரி, பால் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? அதை நீங்கள் எழுதவில்லை, யாருமே எழுதுவதில்லை. எழுந்ததும் ஒரு டம்ளர், பதினோரு மணிக்கு ஒரு பாட்டில், தூங்கும் முன் ஒன்று, நடுராத்திரி அழுதால் இன்னொன்று என்று போனால் சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது? ஒரு வயதுக்கு மேல் மாட்டுப்பால் நாளுக்கு 400 முதல் 500 மில்லி போதும். தயிரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளும் குழந்தைக்கு ரத்தசோகை வரும், அது வந்தால் பசி இன்னும் மந்தமாகும். ராத்திரி பாட்டிலை முதலில் நிறுத்துங்கள். பாலைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காதீர்கள். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும் இருக்கட்டும். பிஸ்கட்டும் பால் மாதிரியே பசியைத் திருடும்.

கேள்வி: மகன் யுகேஜி. வேன் 7.20-க்கு வந்துவிடும். மதிய டப்பா தினமும் பாதி அப்படியே திரும்பி வருகிறது. சுலபமான, சத்தான ஐட்டங்கள் சொல்லுங்கள்.

பதில்: டப்பா திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ருசி காரணமில்லை. மணியடித்துக் கை கழுவி, மூடியைத் திறக்கப் போராடி, பக்கத்துப் பையனோடு பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். எனவே இரண்டு கையால் பிய்க்க வேண்டிய சப்பாத்தி, தனிக் கிண்ணத்தில் குழம்பு என்பதெல்லாம் இந்த வயதுக்கு ஒத்துவராது. ஸ்பூனால் அள்ளவோ ஒரு கையால் கடிக்கவோ முடிகிற மாதிரி இருக்க வேண்டும். அளவையும் பாதியாகக் குறையுங்கள். காலியான டப்பா பிள்ளைக்கே ஒரு தெம்பு.

நான் அடிக்கடி சொல்வது பச்சைப்பயறு தோசை. ராத்திரி ஒரு டம்ளர் பயறு, இரண்டு ஸ்பூன் பச்சரிசி ஊறப் போடுங்கள். காலையில் இஞ்சி, சீரகம், உப்புடன் அரைத்து உடனே வார்க்கலாம், புளிக்க வேண்டியதில்லை. சின்னச் சின்னதாக வார்த்து, நெய் தொட்டுப் பொடி தடவிச் சுருட்டி வையுங்கள்.

தயிர்சாதம் புளித்துப்போகிறது என்பவர்களுக்கு: சோற்றை நன்றாகக் குழைத்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் போடுங்கள். மதியத்துக்குள் சரியாக உறைந்திருக்கும். துருவிய கேரட்டை அதன் மேல் போட்டால் ஒதுக்கி வைப்பான், உள்ளே கலந்துவிடுங்கள்.

முட்டைப் பொடிமாஸ் சாதம், நெய் விட்ட பருப்புப்பொடி சாதம், கீரை கடைந்து பிசைந்த சாதம் எல்லாம் பத்து நிமிட வேலை. தினம் ஒரு புதுமை வேண்டும் என்று வீடியோ பார்த்து அலையாதீர்கள். 2022-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல்தான் மாறி மாறி வருகின்றன, தொட்டுக்கொள்ளக் காய்கறி சாம்பார். அவ்வளவு பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

கேள்வி: பாலில் கலக்கும் சத்துப் பவுடர்களில் எது நல்லது?

பதில்: எதுவும் தேவையில்லை. டப்பாவைத் திருப்பிச் சர்க்கரை அளவைப் படியுங்கள். இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லிவிட்டது. பவுடர் போட்டால்தான் பால் இறங்குகிறது என்பீர்கள். இறங்காவிட்டால் போகட்டும், தயிராகக் கொடுங்கள்.

கேள்வி: பேரனுக்குச் சோறு ஊட்டும்போது போன் காட்டக் கூடாது என்கிறீர்கள். நாங்கள் நிலாவைக் காட்டித்தானே ஊட்டினோம்? அப்போது மட்டும் அது கவனத்தைத் திருப்பும் வேலை இல்லையா?

பதில்: நல்ல கேள்வி அம்மா, இன்று வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. நிலாவைக் காட்டியபோது நீங்கள் பேசினீர்கள், அவன் பதிலுக்கு 'ம்' கொட்டினான். வாய் மூடினால் நிறுத்தினீர்கள். உங்கள் கண் அவன் முகத்தில் இருந்தது. போனில் அவன் கண் திரையில், நம் கண் கிண்ணத்தில். வாய் தானாகத் திறக்கிறது, வயிறு நிறைந்தது அவனுக்கே தெரிவதில்லை.

குறுக்கே ஒருவர்: சொல்வது சுலபம். நானும் கணவரும் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். போன் இல்லாவிட்டால் ஒரு இட்லிக்கு முக்கால் மணி நேரம். பட்டினியாகவா அனுப்புவது?

இன்னொருவர்: எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பையனுக்கு மாமியார் இன்னும் ஊட்டுகிறார். நிலாவும் இல்லை, போனும் இல்லை, கையில் குச்சிதான்!

அந்தப் பாட்டியே மறுபடி: குச்சி யார் வைத்திருந்தாலும் தப்பு. ஆனால் ஊட்டுவதே தப்பு என்று பேசாதீர்கள். ஒரே தட்டில் பிசைந்து நாலு பேரப்பிள்ளைகளுக்கு உருட்டிக் கொடுத்திருக்கிறேன். போட்டி போட்டு வாங்கினார்கள்.

பதில்: பாட்டி பக்கம்தான் நான். உருட்டிக் கையில் கொடுத்தீர்கள் பாருங்கள், எடுப்பதா வேண்டாமா என்பது பிள்ளை கையில் இருந்தது. என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு என்பது நம் பொறுப்பு. எவ்வளவு என்பதை வயிறு சொல்லட்டும். வேலைக்குப் போகும் அம்மாவுக்கு: காலையில் முழுச் சண்டை போடாதீர்கள். அரை இட்லியோடு அனுப்பினால் பட்டினி ஆகிவிடாது, பதினொன்றுக்கு வாழைப்பழமும் அவித்த முட்டையும் ஈடுகட்டும். போனை ராத்திரிச் சாப்பாட்டில் முதலில் நிறுத்துங்கள், அப்போதுதான் உங்களுக்கும் உட்கார நேரம் இருக்கும். நாலைந்து நாள் அழுவான்.

இந்த விஷயத்தில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள், பாதிப் பேர் மாமியாரைப் பற்றி. அதற்கு நான் ஆள் இல்லை.

கேள்வி: மூன்று வயது. எதையுமே சாப்பிடுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பால் எவ்வளவு?

கேள்வி: நான்கு வயதுப் பையனுக்கு ஹீமோகுளோபின் 9.8. பீட்ரூட், பேரீச்சம்பழம் தினமும் தருகிறோம். ஏறவில்லை.

பதில்: பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. மருத்துவர் இரும்புச் சத்து சிரப் எழுதிக் கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள், மலம் கறுப்பாகப் போவது அதனால்தான். பாலோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து சரியாகச் சேராது. அசைவம் உண்டென்றால் சுவரொட்டியோ (ஆட்டு மண்ணீரல்) ஈரலோ வாரம் ஒருமுறை கொஞ்சம் போதும். சைவம் என்றால் கீரை, பயறு. கூடவே எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று. வைட்டமின் சி இருந்தால்தான் தாவர இரும்பு நன்றாக ஏறும். டீ கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அங்கன்வாடியில் தரும் குடற்புழு மாத்திரையை வாங்கினீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமா?

பதில்: போடக் கூடாது. அதுவும் சர்க்கரைதான். இரண்டு வயது வரை எந்தச் சர்க்கரையும் வேண்டாம்.

கேள்வி: ஒன்பது மாதக் குழந்தைக்கு ராகிக் கூழில் தேன் விடலாமா?

பதில்: ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது, நாக்கில் தொட்டு வைப்பதும் சேர்த்துத்தான். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். ராகி நல்லது, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முளைகட்டி அரைத்தால் இன்னும் நன்றாக உடம்பில் சேரும். ஆனால் கூழும் பருப்புத் தண்ணீரும் மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். இந்த வயதில் பருப்பும் சோறும் கையால் மசித்து, நெய் விட்டு, சின்னத் துகள்கள் நாக்கில் படும்படி கொடுக்க வேண்டும். மிக்ஸியிலேயே அரைத்துக் கொடுத்தால் பிறகு மெல்லத் தெரியாது.

கேள்வி: ஐந்து வயது, ஒல்லி. புரதப் பவுடர் கொடுக்கலாமா?

பதில்: அந்த வயதுக்கு நாளுக்குச் சுமார் 16 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், சாயங்காலம் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டலில் கிட்டத்தட்ட அதே அளவு, மிச்சம் பருப்பிலும் தயிரிலும். பவுடருக்கு எங்கே வேலை? சுண்டல் செய்கிற வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளை இருந்தால் மட்டும் கவனம். நாலு வயதுக்குள் கடலை, வேர்க்கடலை, முழுத் திராட்சை எதையும் அப்படியே கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். மசித்தோ பொடித்தோ நறுக்கியோ கொடுங்கள்.

கேள்வி: இரண்டு வயது. சாப்பாடு என்றாலே ஓடுகிறான். பால் மட்டும் நாலு வேளை...

பதில்: கேள்வியிலேயே பதிலை எழுதிவிட்டீர்கள்.

கேள்வி: கத்தரிக்காயை மூன்று முறை வைத்துப் பார்த்தேன், துப்புகிறாள். விட்டுவிடலாமா?

பதில்: மூன்று முறை போதாது. சில பிள்ளைகளுக்குப் பத்து, பதினைந்து முறைகூட ஆகும். தட்டோரம் ஒரு துண்டு வையுங்கள், சாப்பிடச் சொல்லாதீர்கள். நீங்கள் அதையே அவள் எதிரில் ரசித்துச் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் முருங்கைக்காய், புடலங்காய் என்று வேறு காய் இருக்கிறது. கத்தரிக்காய் சாப்பிடாத பெரியவர்கள் எத்தனையோ பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.