பெபேயாள் 'ஊழியக்காரி' என்றால் வேலைக்காரியா?

பைபிளில் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் (ரோமர் 16:1) அப்போஸ்தலர் பவுல், கிரேக்கத் துறைமுக ஊரான கெங்கிரேயாவின் கிறிஸ்தவ சபைக்கு 'ஊழியக்காரி' என்று பெபேயாள் என்ற பெண்ணைக் குறிப்பிடுகிறார். மூல கிரேக்கச் சொல் தியாகோனோஸ். ஒரு பொறுப்பை ஏற்றுப் பணி செய்பவர் என்று பொருள். 1 கொரிந்தியர் 3:5-இல் பவுல் தன்னையும் அப்பொல்லோ என்ற இன்னொரு போதகரையும் சொல்வதும் இதே சொல்லால்தான். அங்கே யாரும் வேலைக்காரன் என்று நினைப்பதில்லை, பெண் என்றதும் மட்டும் சந்தேகம் வந்துவிடுகிறது!

ரோமர் 16:2-இல் பெபேயாள் பலருக்கும், பவுலுக்கும்கூட ஆதரவாக இருந்தவர் என்று வருகிறது. அங்குள்ள கிரேக்கச் சொல் புரவலர் என்ற பொருளும் தரும்.

பெண்களுக்கு இந்த இடம் எப்படிக் கிடைத்தது? அப்போது கோயில் கட்டடம் ஏது? சபை கூடியது வீடுகளில். பிலிப்பி நகரில் இரத்தாம்பரம் (விலையுயர்ந்த ஊதாநிறத் துணி) விற்ற லீதியாள் என்ற பெண்ணின் வீட்டில் விசுவாசிகள் கூடினார்கள். நம் தெருவில் மகளிர் குழு ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில் கூடினால், நேரம் குறிப்பது, வருகிறவர்களைக் கவனிப்பது எல்லாம் அந்த அக்கா கைக்குத்தானே போகும்? கிட்டத்தட்ட அப்படித்தான்.

வெளியார் சாட்சியும் உண்டு. சுமார் கி.பி. 112-இல் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் 'பணியாளர்கள்' என்றழைத்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகப் பேரரசருக்கு எழுதினார்.

அதற்காக, பெபேயாள் இன்றைய குருமார் போலக் குருப்பட்டம் பெற்றவர் என்று நினைப்பதும் தவறு, அந்தப் பதவி அடுக்குகள் பின்னால்தான் உருவாயின.