சுடுவது குறைவு, பொய் அதிகம்: பழைய உளவுப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

பழைய உளவுப் படங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி ஜேம்ஸ் பாண்ட் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உளவாளி சுடுவதைப் பார்ப்பதைவிட அவன் பொய் சொல்வதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கேள்வி: அண்ணா, நான் உளவுப் படம் எதுவுமே பார்த்ததில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (கல்லூரி மாணவி, திருச்சி)

‘நொட்டோரியஸ்’. 1946, இயக்குநர் ஹிட்ச்காக். யோசிக்கவே வேண்டாம்மா.

தேசத்துரோக வழக்கில் தண்டனை பெற்ற நாஜி உளவாளி ஒருவரின் மகளாக இங்க்ரிட் பெர்க்மன் வருகிறார். அமெரிக்க உளவாளியாக கேரி கிராண்ட். ரியோ டி ஜெனிரோவில் பதுங்கியிருக்கும் நாஜி கும்பலை வேவு பார்க்க அவளை அழைத்துப் போகிறான். போன இடத்தில் இருவருக்கும் காதல் வந்துவிடுகிறது. அப்புறம்தான் மேலிடத்து உத்தரவு வருகிறது: அந்தக் கும்பலில் ஒருவனோடு அவள் நெருங்கிப் பழக வேண்டும். அந்த ஆளோ கல்யாணமே செய்துகொள்ளலாம் என்கிறான். ‘போகாதே’ என்று இவன் ஒரு வார்த்தை சொல்வானா என்று அவள் பார்க்கிறாள். அவளாகவே மறுப்பாளா என்று இவன் பார்க்கிறான். இரண்டு பேருமே வாயைத் திறப்பதில்லை. படத்தின் பதற்றமெல்லாம் அந்த வீம்பிலிருந்துதான் பிறக்கிறது.

விருந்துக் காட்சியை மட்டும் கவனித்துப் பாருங்கள். மாடி உயரத்திலிருந்து கூடம் முழுவதையும் காட்டும் கேமரா மெல்ல இறங்கி, கடைசியில் அவள் கைக்குள் மறைத்திருக்கும் சாவியில் வந்து நிற்கும். அது ஒயின் நிலவறைச் சாவி. மேலே ஷாம்பெயின் பாட்டில்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தீர்ந்துவிட்டால் புருஷன்காரன் புதிய பாட்டில் எடுக்க நிலவறைக்கு இறங்கி வருவான். விருந்தாளி ஒவ்வொருவரும் கோப்பையை நீட்டும்போது நமக்கு வயிற்றைக் கலக்கும். கடிகாரமும் வெடிகுண்டும் இல்லாமல் நேரத்தை எண்ண வைக்கிறார் மனிதர். பாட்டிலுக்குள் ஒளித்து வைத்திருப்பது யுரேனியத் தாது என்பதெல்லாம் கதைக்கு ஒரு சாக்கு. வில்லனாக வரும் கிளாட் ரெய்ன்ஸைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவளை உண்மையாக நேசித்தவன் அவன்தானோ என்றுகூடத் தோன்றும்.

கேள்வி: பாண்ட்களில் யார் பெஸ்ட்? கானரியா, மூரா, கிரெய்கா? (இதையே ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள்)

ஆளை விடுங்கள், படத்தைக் கேளுங்கள். 1963-இல் வந்த ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’. பாண்ட் படங்களில் உண்மையாகவே உளவுப் படம் என்று சொல்லத்தக்கது அது. ஓடும் ரயிலில் கானரியும் ராபர்ட் ஷாவும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். இங்கிலாந்து அதிகாரி வேஷத்தில் வந்திருக்கும் ஷா, மீனுக்குச் சிவப்பு ஒயின் கேட்கிறார். பாண்டுக்கு அது உறுத்துகிறது. ஆனால் என்னவென்று புரியும்போது துப்பாக்கி எதிராளி கையில் இருக்கிறது. அப்புறம் ஒரு சின்ன ரயில் பெட்டிக்குள் நடக்கும் அந்தச் சண்டை! எடிட்டர் பீட்டர் ஹன்ட் வெட்டிய வெட்டில் அடி ஒவ்வொன்றும் நம்மீது விழும். அதற்குப் பிறகு வந்த ஆக்‌ஷன் படங்கள் பலவும் அவருக்குக் கடன்பட்டவை.

அதே ஹன்ட் பின்னால் ஒரு பாண்ட் படத்தை இயக்கினார்: ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ (1969). ஜார்ஜ் லேசன்பி ஒரே ஒரு படம் நடித்துவிட்டுப் போனவர் என்று கேலி பேசுகிறவர்கள் அந்தப் படத்தை மறுபடி பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஷில்ட்ஹார்ன் சிகரத்தில் எடுத்த பனிக் காட்சிகளுக்காக இல்லாவிட்டாலும், நாயகி டயானா ரிக்குக்காகவாவது.

கேள்வி: நீங்கள் ரொம்ப ஓவராகப் புகழப்பட்டதாக நினைக்கும் படம்? (சேலம்)

‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ (1967). எரிமலைக்குள் ராக்கெட் தளம் இருக்கும் அந்த செட்டுக்கு எழுந்து நின்று கைதட்டலாம். கென் ஆடம் பைன்வுட் ஸ்டூடியோவில் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் செலவில் போட்டது. ஐந்து வருடம் முன்னால் ‘டாக்டர் நோ’ படம் முழுவதையுமே ஏறக்குறைய அந்தத் தொகையில்தான் எடுத்து முடித்திருந்தார்கள். ஆனால் செட்டைத் தாண்டி அதில் என்ன இருக்கிறது? கானரிக்கு மேக்கப் போட்டு ஜப்பானியர் என்று நம்பச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு நாய்கூட நம்பாது.

கேள்வி: ‘தி இப்க்ரெஸ் ஃபைல்’ பாண்டுக்கு எதிராக எடுத்த படம் என்கிறார்களே, உண்மையா சார்? (வங்கி ஊழியர், கோவை)

உண்மை. வேடிக்கை என்னவென்றால், எடுத்ததே பாண்ட் ஆட்கள்தான். தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மன், இசை ஜான் பேரி, அரங்கம் கென் ஆடம், எடிட்டிங் அதே பீட்டர் ஹன்ட். எல்லாரும் பாண்ட் படத்திலிருந்து வந்தவர்கள். ஒரு கையால் பளபளப்பான பாண்டை விற்றுக்கொண்டே, மறு கையால் அதற்கு மாற்றையும் விற்றார் சால்ட்ஸ்மன். வியாபாரி!

1965-இல் வந்தது. மைக்கேல் கெய்ன் நடித்த ஹாரி பாமருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் சரியாகத் தெரியாது. நன்றாகச் சமைப்பான். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியோடு நின்று டப்பா உணவைத் தேர்ந்தெடுக்கும்போது மேலதிகாரி வந்து ரகசியம் பேசுவார். வேவு பார்த்துவிட்டு வந்தால் படிவம் நிரப்ப வேண்டும். வங்கியில் வேலை பார்க்கும் உங்களுக்கு அந்த ஆபீஸ் ரொம்பப் பழக்கமானதாகத் தெரியும்: மேலே இரண்டு அதிகாரிகள், இருவருக்கும் ஆகாது, நடுவில் இவன். அதில் யாரோ ஒருவர் துரோகி.

மூலக்கதை லென் டைட்டன் எழுதிய நாவல். அதில் கதாநாயகனுக்குப் பெயரே கிடையாது. ஹாரி பாமர் என்பது படத்துக்காக வைத்தது. டைட்டன் செய்தித்தாளில் சித்திரத்தோடு சமையல் குறிப்பும் எழுதிவந்தவர். பாமரின் சமையலறைச் சுவரில் அந்தக் குறிப்புகளே ஒட்டியிருக்கும், பாருங்கள். இயக்குநர் சிட்னி ஜே. ஃப்யூரி கேமராவை விளக்கு மூடிக்குப் பின்னால், தோளுக்குப் பின்னால், டெலிபோன் கூண்டுக்கு வெளியே என்று வைத்துக்கொண்டே போவார். சிலருக்கு அது எரிச்சலூட்டும். எனக்கோ நானே ஒளிந்து நின்று பார்ப்பது போல இருக்கும்.

கேள்வி: கலர் வந்த பிறகும் ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ ஏன் கறுப்பு வெள்ளை? (சென்னை)

அதுவும் 1965-தான். பாண்டின் ‘தண்டர்பால்’, பாமர், இது, மூன்றும் ஒரே வருடம். தண்ணீருக்கடியில் பாண்ட் வண்ணமயமாக நீந்திக்கொண்டிருந்தபோது, ரிச்சர்ட் பர்ட்டன் அழுக்கு மழைக்கோட்டோடு குடித்துத் தள்ளாடிக்கொண்டிருந்தார். இயக்குநர் மார்ட்டின் ரிட்டும் ஒளிப்பதிவாளர் ஆஸ்வால்ட் மோரிஸும் அந்தச் சாம்பல் நிறத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கதையைக் கலரில் எடுத்திருந்தால் பொய்யாகிப் போயிருக்கும்.

பெர்லின் சுவர் 1961 ஆகஸ்டில் எழுந்தது. ஜான் லெ காரே நாவலை 1963-இல் வெளியிட்டார். காயம் ஆறவே இல்லாத நேரம். படத்தில் வரும் சுவரும் சோதனைச் சாவடியும் அயர்லாந்தின் டப்ளினில் போட்ட செட். வேலையிலிருந்து கழற்றிவிடப்பட்ட, கசந்துபோன உளவாளியாக நடித்து எதிரியிடம் விலைபோக வேண்டும், இதுதான் பர்ட்டனுக்கு இட்ட பணி. நாயகன் எல்லாரிடமும் பொய் சொல்கிறான், அதை நாமும் ரசிக்கிறோம். ஆனால் அவனுக்கே சொல்லாத ஒரு பொய் அவன் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. மீதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்குப் பிறகு உடனே எழுந்துபோய்ச் சாப்பிட முடியாது.

கேள்வி: இவர்களெல்லாம் நிஜ உளவாளிகளா? (மூன்று பேர்)

எழுதியவர்களில் சிலர் அந்தப் பக்கம் இருந்தவர்களே. பாண்டைப் படைத்த இயன் ஃப்ளெமிங் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை உளவுத் துறை இயக்குநருக்கு உதவியாளர். லெ காரே, பிரிட்டனின் உள்நாட்டு உளவுத் துறையான எம்.ஐ. 5, வெளிநாட்டு உளவுத் துறையான எம்.ஐ. 6 இரண்டிலும் வேலை பார்த்தவர். நாவலாசிரியர் கிரஹாம் கிரீனுக்கு எம்.ஐ. 6-இல் மேலதிகாரியாக இருந்தவர் கிம் ஃபில்பி. பிற்பாடு சோவியத் உளவாளி என்று அம்பலமாகி மாஸ்கோவுக்கு ஓடிய அதே ஃபில்பிதான். கிரீனின் கதையான ‘அவர் மேன் இன் ஹவானா’ 1959-இல் படமானது. தூசு உறிஞ்சும் இயந்திரம் விற்கும் ஒருவர், அதன் பாகங்களைப் பெரிதாக வரைந்து ரகசிய ஆயுதம் என்று லண்டனுக்கு அனுப்பிக் காசு வாங்குவார். லண்டனும் நம்பும். சிரித்துக்கொண்டே பாருங்கள், உள்ளே இருந்தவர் எழுதியது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: எப்போதும் ரஷ்யர்கள்தான் வில்லன். அவர்கள் எடுத்த உளவுப் படம் இல்லையா தோழர்? (மதுரை)

பிரமாதமான ஒன்று இருக்கிறது, தொடராக. ‘வசந்தத்தின் பதினேழு கணங்கள்’, 1973, சோவியத் தொலைக்காட்சி, 12 பகுதிகள். இயக்கியவர் தத்யானா லியோஸ்னோவா. 1945-இல் பெர்லினில் நாஜி அதிகாரி வேஷத்தில் இருக்கும் சோவியத் உளவாளி ஷ்டிர்லிட்ஸ். வியச்செஸ்லாவ் டீகனொவ் நடித்திருக்கிறார். நடக்கிறார், யோசிக்கிறார், சிகரெட் பிடிக்கிறார், கார் ஓட்டுகிறார். அவ்வளவுதான். ஆனால் கண்ணை எடுக்க முடியாது.

ஒரு காட்சியில், வருடக்கணக்காகப் பார்க்காத மனைவியை ஒரு கஃபேக்கு அழைத்து வருகிறார்கள். அவள் ஒரு மேசை, அவர் வேறு மேசை. பேசக் கூடாது, அருகில் போகக் கூடாது. நிமிடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், பியானோ மட்டும் ஒலிக்கிறது. பிறகு அவளை அழைத்துப் போய்விடுகிறார்கள். பாண்டின் காதல் காட்சிகள் அத்தனையையும் இதற்கு ஈடாகக் கொடுத்துவிடுவேன்.

கேள்வி: நம்ம ஜெய்சங்கரை மறந்துவிட்டீர்களே! (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு)

மறப்பேனா ஐயா? மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆர். சுந்தரம் படத்தை நிற்கவிடாமல் ஓட்டுவார். ஆனால் அவை துப்பறியும் படங்கள் என்பது என் கட்சி. ஜெய்சங்கர் குற்றவாளியைத் தேடிப் போகிறார். தன் அடையாளத்தை விற்று வாழ்வதில்லை. பாண்ட் படத்திலேயே நம்மூர் ஆள் வேண்டுமென்றால், உதய்ப்பூரில் எடுத்து 1983-இல் வந்த ‘ஆக்டோபஸி’யில் விஜய் அமிர்தராஜ் இருக்கிறார். டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாசுவார். படம் சுமார்தான், அவர் ஜோர்.

கேள்வி: எட்டாவது படிக்கும் மகனோடு பார்க்க ஒரு படம்? (திருநெல்வேலி)

‘தி லேடி வேனிஷஸ்’ (1938). மறுபடி ஹிட்ச்காக்தான், மன்னிக்கவும். ஓடும் ரயிலில் ஒரு பாட்டி காணாமல் போகிறார்; அப்படி ஒருவர் ரயிலில் ஏறவே இல்லை என்று எல்லாரும் சாதிக்கிறார்கள். சிலர் சதியால் பொய் சொல்கிறார்கள், சிலர் தங்கள் சொந்த வசதிக்காக. அந்த இரண்டாம் வகையில் இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் உண்டு. பாட்டியைப் பார்த்தோம் என்று சொன்னால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், மான்செஸ்டரில் நடக்கும் டெஸ்ட் மேட்ச்சைப் பிடிக்க முடியாதே என்று கமுக்கமாக இருந்துவிடுவார்கள். உங்கள் பையன் கிரிக்கெட் பைத்தியம் என்றால் அவர்கள் பக்கம் சேர்ந்துவிடப் போகிறான், ஜாக்கிரதை.