ரேடியோ கட்டுப்பாட்டு ஹெலிகாப்டரில் ஜிபிஎஸ் மாட்யூலை எங்கே பொருத்துவது, எப்படிக் கேலிபரேட் செய்வது?

கேள்வி கேட்டவர் மின்மோட்டாரில் ஓடும் 500 வகை ஹெலிகாப்டரில் ஆர்டுபைலட் என்னும் தானியங்கிப் பறத்தல் மென்பொருளுடன் ஜிபிஎஸ் மாட்யூலைப் பொருத்தியிருக்கிறார். தரையில் செயற்கைக்கோள்கள் போதிய எண்ணிக்கையில் கிடைக்கின்றன. ஆனால் தானாகவே ஓரிடத்தில் நிற்கவைக்கும் லாயிட்டர் முறைக்கு மாற்றியதும் ஹெலிகாப்டர் ஓரிடத்தில் நிற்காமல் வட்டமடிக்கிறது, அந்த வட்டமும் பெரிதாகிக்கொண்டே போகிறது என்கிறார்.

இந்த அறிகுறியைக் கண்டால் நான் முதலில் சந்தேகிப்பது ஜிபிஎஸ்ஸை அல்ல, அதே பெட்டிக்குள் இருக்கும் காம்பஸைத்தான். ஜிபிஎஸ் சொல்வதெல்லாம் ஹெலிகாப்டர் வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது மட்டுமே. அதைத் திருத்த எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முடிவு செய்ய, மூக்கு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பது பறத்தலைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான ஃபிளைட் கன்ட்ரோலருக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தத் திசையில் 30 டிகிரி பிழை இருந்தால் ஒவ்வொரு திருத்தமும் கோணலாகச் செல்வதால் வட்டம் உண்டாகிறது. பிழை 90 டிகிரியைத் தாண்டினால் திருத்தமே ஹெலிகாப்டரை இலக்கிலிருந்து விலக்கித் தள்ளும். ஆகவே திருத்தம் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்று சொல்லும் லாயிட்டரின் கெயின் மதிப்புகளைத் தயவுசெய்து இப்போது தொடாதீர்கள்.

மல்டிகாப்டரில் மாட்யூலை ஒரு சிறு கம்பத்தின் மேல் உயர்த்தி வைத்துவிடலாம். ஹெலிகாப்டரில் மேலே மெயின் ரோட்டார் சுழல்வதால் அந்த வசதி இல்லை. ஃபிரேமின் உட்பகுதியில் மோட்டார், ஈஎஸ்சி (மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி), பேட்டரி ஒயர்கள், எஃகுத் தண்டுகள் எல்லாம் நெருங்கிக் கிடக்கின்றன. எனவே டெயில் பூமின் (வால் ரோட்டாரைத் தாங்கும் நீண்ட குழாயின்) மேற்புறம், ஃபிரேமுக்கும் டெயில் ரோட்டாருக்கும் ஏறக்குறைய நடுவில் பொருத்துவதே நல்லது என்பது என் கருத்து. கார்பன் பிளேடுகள் ரேடியோ அலைகளை மறைக்குமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். மறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுழலும் இரண்டு பிளேடுகள் எந்த ஒரு கணத்திலும் வானத்தின் சிறு பங்கையே மறைப்பதால் நடைமுறையில் அது பெரிய தடையாக இருப்பதில்லை. அதற்குப் பதிலாக மாட்யூலைக் கார்பன் ஃபிரேமுக்குள் ஒளித்து வைத்தால், அங்கே மறைப்பு நிரந்தரமாகிவிடும்.

பூமில் பொருத்தும்போது எடைச் சமநிலை மாறும். 30 கிராம் மாட்யூல் மெயின் தண்டுக்கு 40 செ.மீ. பின்னால் இருக்குமானால், 500 கிராம் பேட்டரியை 2.4 செ.மீ. முன்னே நகர்த்தி ஈடுசெய்யலாம். இந்தத் தூரத்தை மென்பொருளிலும் சொல்ல வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹெலிகாப்டர் ஓரிடத்தில் நின்றபடி நொடிக்கு 180 டிகிரி வேகத்தில் திரும்பினால், 40 செ.மீ. பின்னாலுள்ள ஆண்டெனா நொடிக்குச் சுமார் 1.25 மீட்டர் வேகத்தில் நகரும். ஆண்டெனா எங்கே இருக்கிறது என்பதை அறியாத கன்ட்ரோலர் அதை ஹெலிகாப்டரின் நகர்வாகவே எடுத்துக்கொள்ளும். ஆர்டுபைலட்டில் ஜிபிஎஸ் இருப்பிட ஆஃப்செட்டை எடை மையத்திலிருந்து அளந்து மீட்டரில் கொடுக்க வேண்டும். முன்பக்கம் நேர்மதிப்பு என்பதால், இங்கே எக்ஸ் மதிப்பு மைனஸ் 0.40 ஆகும்.

காம்பஸின் தரவைக் கொண்டுசெல்லும் ஐ2சி ஒயர்கள் குறுகிய தூரத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. பூம் நெடுகச் செல்லும் நீளத்தில் பிழைகள் வரத் தொடங்கினால், நீண்ட ஒயரிலும் பிழையின்றித் தரவு அனுப்பும் டிரோன்கேன் வகை மாட்யூலுக்கு மாறுவதே நிலையான தீர்வு. மாட்யூலுக்கு அருகில் பித்தளை அல்லது நைலான் திருகுகளையே பயன்படுத்துங்கள். ஐயமுள்ள திருகைக் கைக் காம்பஸின் முள்ளருகே கொண்டுசென்று, முள் அசைகிறதா என்று பார்த்தால் போதும். பிடிப்பு தளர்ந்து மாட்யூல் சில டிகிரி திரும்பினாலே கேலிபரேஷன் வீணாகிவிடும் என்பதால், மிகவும் மென்மையான நுரைப் பட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபிளைட் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் காம்பஸ் மின்னோட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால் அதை அணைத்துவிடுங்கள்.

கேலிபரேஷனுக்கு முன் மெயின் பிளேடுகளையும் டெயில் பிளேடுகளையும் கழற்றி, மோட்டாரின் மூன்று ஒயர்களையும் பிரித்துவிடுங்கள். இதில் சமரசமே கூடாது. பேட்டரி, பறக்கும்போது இருக்கும் அதே இடத்தில் இருக்க வேண்டும். கார், இரும்பு வேலி, கம்பி பதித்த கான்கிரீட் தளம் ஆகியவற்றிலிருந்து விலகித் திறந்தவெளியில் நின்று, கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, ஹெலிகாப்டரை ஆறு பக்கங்களும் மாறி மாறித் தரையை நோக்கும்படி பிடித்து ஒவ்வொரு நிலையிலும் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முடிந்ததும் நான்கு திசைகளிலும் மூக்கை வைத்து, திரையில் தெரியும் திசையோடு ஒப்பிடுங்கள். மென்பொருள் காந்த விலக்கத்தைத் தானே சேர்த்து உண்மையான வடக்கைக் காட்டும். கைக் காம்பஸ் காந்த வடக்கைக் காட்டும். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் பிழை 5 டிகிரிக்கு மேல் இருந்தால், வேறு இடத்தில் மறுபடி செய்யுங்கள்.

தரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தும் வானில் கெட்டுப்போவதற்கான காரணம் பெரும்பாலும் மின்னோட்டம்தான். பிளேடு இல்லாமல் மோட்டாரை ஓட்டினால் சுமையே இல்லாததால் மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கும், ஆகவே அந்தச் சோதனை எதையும் காட்டாது. கவர்னர் ரோட்டார் வேகத்தை மாறாமல் வைத்திருப்பதால், திராட்டில் நிலையும் மின்னோட்டத்துக்குச் சரியான அளவுகோல் ஆகாது. எனவே ஜிபிஎஸ்ஸை நம்பாமல் நீங்களே இயக்கும் ஸ்டெபிலைஸ் முறையில் நிதானமாக ஹோவர் செய்து, இடையிடையே சில நொடிகள் வேகமாக மேலேற்றி, இறங்கிய பின் லாகை (பறத்தல் பதிவுக் கோப்பை) திறந்து, காம்பஸின் மொத்தப் புல வலிமையையும் மின்னோட்டத்தையும் ஒரே வரைபடத்தில் பாருங்கள். புவியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் சுமார் 250 முதல் 650 மில்லிகாஸ் வரை வேறுபடும். ஆனால் ஒரே இடத்தில் பறக்கும்போது அந்தக் கோடு ஏறத்தாழ மட்டமாக இருக்க வேண்டும். மின்னோட்டம் ஏறும்போதெல்லாம் அதுவும் கூடவே ஏறியோ இறங்கியோ 30 சதவீதத்துக்கு மேல் மாறினால், முதலில் பேட்டரியின் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்களின் புலங்கள் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் மாட்யூலை இன்னும் பின்னே நகர்த்தி, எடைச் சமநிலையையும் ஆஃப்செட்டையும் திருத்தி, கேலிபரேஷனை மீண்டும் செய்யுங்கள். மின்னோட்ட சென்சாரை அடிப்படையாகக் கொண்ட மென்பொருள் ஈடுசெய்தலை, இவற்றுக்குப் பிறகு எஞ்சும் சிறு பிழைக்கு மட்டுமே நம்புவேன்.

லாகில் கோடு மட்டமாக வந்த பிறகே லாயிட்டரைத் தொடுங்கள். காற்றில்லாத நேரத்தில், தாராளமான உயரத்தில், விரலை மோட் சுவிட்ச்சிலிருந்து எடுக்காமல் மாற்றிப் பாருங்கள். வட்டமிடும் போக்கு தெரிந்த உடனே ஸ்டெபிலைஸுக்குத் திரும்பி இறக்கிவிடுங்கள். லாயிட்டர் எல்லாத் திசைகளிலும் மூக்கைத் திருப்பியும் நிலையாக நிற்கும் வரை, தானாக வீடு திரும்பும் முறையை இயக்கிப் பார்க்க வேண்டாம். அதுவும் இதே காம்பஸை நம்பித்தான் பறக்கிறது.